முகம், முகவரி, அறிமுகம்

இறுதியாண்டு மாணவிகளுக்கு லிங்க்ட்இன் கணக்குத் தொடங்கச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு ஒரு மாலை எனக்கு வந்தது. அதைச் செய்ய வேண்டியவர் விடுப்பில் இருந்தார். தமிழ் நடத்துகிறவளுக்கு இதில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வருகிற பெண்கள். பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். பெயர், படிப்பு, ஊர், தெரிந்த வேலை என்று கைபேசியில் வேகமாக நிரப்பிக்கொண்டே வந்தார்கள். படம் போட வேண்டிய வட்டம் வந்ததும் வகுப்பு நின்றுவிட்டது.

ஒருத்தி ரோஜாப்பூவைப் போட்டாள். ஒருத்தி அக்கா குழந்தையின் படத்தைப் போட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் ஒருத்தி, ஆண்டாள் கையில் வைப்பதற்காகத் தினமும் இலைகளால் கட்டப்படும் கிளியைப் போட்டாள். "முகத்தைப் போட்டா வீட்ல வைவாங்கம்மா" என்றாள். "வேலை குடுக்கிறவங்க கிளியையா கூப்பிடுவாங்க? தைரியமா உன் படத்தைப் போடு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே கிளியை எடுத்துவிட்டுத் தன் படத்தைப் போட்டாள்.

மூன்றாவது வாரம் அவள் வகுப்புக்கு வரவில்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு, "இது நம்ம பிள்ளைதானா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. கைபேசி பறிக்கப்பட்டது. தேர்வுக்கு மட்டும் தம்பியின் வண்டியில் வந்து எழுதிவிட்டுப் போனாள். தைரியமாகப் போடு என்று சொன்னது நான். அதற்கான விலையைக் கொடுத்தது அவள்.

இந்தக் கட்டுரை அந்தக் குற்றவுணர்விலிருந்து தொடங்குகிறது. அந்த வட்டத்துக்கு முன்னால் முப்பது பெண்கள் ஏன் தயங்கி நின்றார்கள் என்பது கணினி தெரியாத பிரச்சினை அல்ல. அதற்கு நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. வேலை தேடுகிறவருக்கு வேண்டியவை மூன்று: அறிமுகம், முகவரி, முகம். தமிழில் மூன்று சொல்லுக்குள்ளும் முகம் இருக்கிறது. இம்மூன்றில் எதுவும் பெண்ணின் கையில் முழுதாக இருந்ததில்லை.

அறிமுகம்

வேலை தேடுவதற்கு வழிசொல்லும் இலக்கியத்தை ஒரு தனி வகையாகவே வைத்திருந்தது தமிழ். பரிசு பெற்றுத் திரும்புகிற கலைஞன், வறுமையோடு எதிரே வருகிற இன்னொரு கலைஞனை நிறுத்தி, இன்னாரிடம் போ, இந்த வழியாகப் போ, இப்படிக் கேள் என்று சொல்வது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள்தாம். கூத்தர், பாணர், பொருநர், விறலி என்று நால்வரையும் தொல்காப்பியம் அதில் சேர்க்கிறது. ஆனால் பத்துப்பாட்டின் ஐந்து ஆற்றுப்படைகளில் விறலிக்கென்று ஒன்று இல்லை. ஆடுகிறவளும் பாடுகிறவளுமான அந்தப் பெண்ணுக்கு வழிசொல்லும் பாட்டு, புறநானூற்றில் விறலியாற்றுப்படை என்ற துறையில் சிறு பாடல்களாக மட்டுமே கிடைக்கிறது. நெடும்பாட்டுகளில் அவள் பாணனின் பக்கத்தில் நடந்து வருகிறாள். வழி அவனிடம் சொல்லப்படுகிறது.

அந்த நடை நீண்ட காலம் மாறவில்லை. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து வந்த பஞ்சாலைகள் கரிசல் மண்ணில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த குடும்பங்களை நூற்பாலைச் சங்குக்குப் பழக்கின. ஆலைக்குள் எப்படி ஆள் எடுத்தார்கள் என்பதை இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையம் 1931-ல் வெளியான அறிக்கையில் விரிவாகப் பேசுகிறது. ஆள் எடுப்பது, லஞ்சம் வாங்குவது, வேலையை விட்டு நிறுத்துவது எல்லாம் மேஸ்திரியின் கையில் இருந்தன. அந்த அதிகாரத்தை அவரிடமிருந்து எடுக்க வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. பெண்கள் வேலை செய்த பகுதிகளில் பெண் மேற்பார்வையாளர்களும் இதே முறையில் பணம் பெற்றதை அது குறிப்பிடத் தவறவில்லை.

என் அம்மாவைப் பெற்ற ஆச்சி ஒரு பஞ்சாலையில் ரீலிங் பகுதியில் நூல் சிட்டம் போட்டவர். அவரை வேலைக்குச் சேர்த்தது அடுத்த வீட்டு அத்தை. அந்த அத்தையைச் சேர்த்தது அவருடைய நாத்தனார். "சொல்லி விட ஆள் வேணும்ல" என்பார் ஆச்சி. ஆலை வாசலில் தனியாகப் போய் நிற்கிற பெண்ணுக்கு வேலை கிடைக்காது, கெட்ட பெயர்தான் கிடைக்கும். எனவே தெரிந்தவர் வழியாக, தெரிந்த வேலைக்கு, தெரிந்த கூலிக்குப் போனார்கள். ரீலிங்கில் சேர்ந்த பெண் ரீலிங்கிலேயே ஓய்ந்தார்.

1973-ல் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் ஒரு கட்டுரை எழுதினார். வேலை பற்றிய புதிய செய்தி நெருங்கியவர்களிடமிருந்து அதிகம் வருவதில்லை, அரைகுறையாகத் தெரிந்தவர்களிடமிருந்தே வருகிறது என்பது அதன் சாரம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் முன்பே தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கம்தான் வேறு உலகத்தின் செய்தியைக் கொண்டுவரும். இன்றைய சமூக வலைத்தள வேலைதேடலின் வேதவாக்கு இதுதான். 2022-ல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு 2 கோடி லிங்க்ட்இன் பயனர்களின் ஐந்தாண்டுத் தரவுகளை வைத்து இதைச் சோதித்தது. நெருங்கிய தொடர்புகளைவிட மிதமான பழக்கங்களே வேலைமாற்றத்துக்கு அதிகம் உதவின என்று கண்டது.

கிரானோவெட்டர் இந்தக் கருத்துக்காக நேர்கண்டவர்கள் பாஸ்டன் அருகே நியூட்டன் நகரில் வசித்த ஆண்கள். எங்கள் ஊர்களில் இருந்திருந்தாலும் ஆண்களிடம்தான் அவர் இதைக் கண்டுபிடித்திருப்பார். டீக்கடை, சலூன், தொழிற்சங்க அலுவலகம், பேருந்து நிலையம் எல்லாம் ஆண்கள் அரைகுறைப் பழக்கம் சேர்க்கிற இடங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-லேயே பென்னிங்டன் நூலகம் வந்துவிட்டது. அங்கே நாளிதழ் விரித்து வேலை விளம்பரம் பார்த்தவர்களின் கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். எல்லாக் கதையிலும் யாரோ ஒரு மாமாவோ சித்தப்பாவோதான் இருந்தார். அரைகுறையாகத் தெரிந்த ஆளோடு பேசுவது ஆணுக்குப் பழக்கம், பெண்ணுக்குப் பழி. எங்கள் பெண்களுக்கு உறவு இருந்தது, பழக்கம் இல்லை. உறவு அவர்களை உறவு ஏற்கெனவே இருந்த இடத்துக்கே கூட்டிப் போனது.

இந்த அறிமுகத்தை வியாபாரமாக்கியதுதான் சுமங்கலித் திட்டம். 2000-க்குப் பிறகு மேற்கு, தென் மாவட்டங்களின் பஞ்சாலைகள் பலவற்றில் இளம்பெண்களை மூன்றாண்டு விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொன்னார்கள். 1961-லேயே வரதட்சணையைத் தடை செய்துவிட்ட நாட்டில், வரதட்சணைக்காகச் சேமிக்கும் வழி என்று சொல்லியே அது விற்கப்பட்டது. 2011 முதல் வெளியான ஆய்வறிக்கைகள் நீண்ட வேலை நேரத்தையும், பூட்டப்பட்ட விடுதியையும், கைபேசி மறுக்கப்பட்டதையும் பதிவு செய்தன. அந்தப் பெண்களை அழைத்துப் போன முகவர் பல நேரங்களில் அதே ஊர்க்காரர், அதே சாதிக்காரர், சிலருக்கு உறவினரும்கூட. நெருங்கிய அறிமுகம் பாதுகாப்பு என்று நாம் நம்பவைக்கப்பட்டிருக்கிறோம். ஆள் பிடிப்பவர்களுக்கு மிகவும் பயன்பட்டது அந்த நம்பிக்கைதான்.

முகவரி

அறிமுகம் இல்லாமல் வேலைக்குப் போகும் ஒரு வழியை அரசு உண்டாக்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1945-ல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொடங்கப்பட்டன. 1948-ல் அவை எல்லோருக்கும் திறக்கப்பட்டன. 1956 நவம்பர் 1 முதல் மாநிலங்களின் பொறுப்பில் வந்தன. காலியிடங்களை அறிவிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் 1959-ல் வந்தது. பதிவு எண், மூப்பு வரிசை, நேர்முகத்துக்கு அஞ்சலில் வரும் அழைப்பு என்ற அந்த ஏற்பாட்டை இன்று கேலி செய்கிறோம். ஆனால் "உன்னை யார் அனுப்பியது?" என்று கேட்காத முதல் வாசல் அது. வரிசையில் நிற்கிற பெண்ணுக்கும் ஆணுக்கும் எண் ஒன்றுதான்.

என் பெரியம்மா ஆசிரியப் பயிற்சி முடித்து 1970-களில் பதிவு செய்தவர். அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க அவர் தவறவே இல்லை. திருமணமாகிச் சங்கரன்கோவில் பக்கம் போன பிறகும் முகவரி பிறந்த வீட்டு முகவரியாகவே இருந்தது. ஒரு நாள் அழைப்பு வந்தது. கோபுர முத்திரை போட்ட பழுப்பு உறை. அப்போது பெரியம்மா இரண்டாவது பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தார். "இப்பச் சொன்னா அங்கே சண்டை வரும்" என்று தாத்தா அந்தக் கடிதத்தை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். தாத்தா இறந்த பிறகு பெட்டியை ஒழித்தபோதுதான் பெரியம்மா அதைப் பார்த்தார். அவர் அழவில்லை. நேர்முகத் தேதியை மட்டும் இரண்டு முறை வாசித்தார்.

அதிகாரம் செய்ய நினைத்து தாத்தா அதைச் செய்யவில்லை. மகளுக்கு நல்லது என்று நினைத்தார். அந்தக் கடிதத்தைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் இடத்தில் அவர் இருந்ததுதான் விஷயம். தன் பெயருக்கு வரும் தபாலைத் தன் கையால் வாங்க ஒரு பெண்ணுக்கு நிலையான வீடு வேண்டும். பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டு வீடு சொல்கிறோம். இரண்டிலும் தபாலை வாங்கியது வேறொருவர். மின்னஞ்சல் வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த டிரங்குப் பெட்டிதான். திருமணமானாலும் மாறாத, யாரும் இடையில் வாங்கிவைக்க முடியாத முகவரி ஒன்று பெண்ணுக்கு முதன்முறையாகக் கிடைத்தது.

முகவரியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொன்னது. ஆரம்பப் பள்ளிகளில் பெண்களையே ஆசிரியராக நியமிக்க வேண்டும் என்ற தீர்மானமும் அதே மாநாட்டில்தான் நிறைவேறியது. விண்ணப்பத்தில் ஒரு முதலெழுத்தோடு நம் பெயரை எழுதிவிட முடிகிறதே, அந்தச் சலுகை தானாக வந்ததல்ல. ஆனால் பெயரிலிருந்து போன சாதி ஊர்ப் பெயரிலும் தெருப் பெயரிலும் ஒளிந்துகொண்டது. 1985-ல் பிறந்த எங்கள் மாவட்டம் காமராசர் மாவட்டம். 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியதை எதிர்த்துச் சாதிக் கலவரம் பரவியது. கடைசியில் எல்லாத் தலைவர் பெயர்களும் நீக்கப்பட்டு இது விருதுநகர் மாவட்டம் ஆனது. நான் அப்போது கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருந்தேன். பேருந்து ஓடாத நாட்களில் மில் வேலைக்குப் போகிற பெண்கள் கூலியை இழந்து வீட்டில் இருந்ததைப் பார்த்தேன். ஒரு பெயருக்காக நடந்த சண்டையில், பெயரே கேட்கப்படாதவர்களின் வருமானம் போனது.

பெயரும் முகவரியும் என்ன செய்யும் என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியோடு வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. சென்னையில் சாரா சித்திக் நடத்தி 2011-ல் வெளியான ஆய்வு, ஒடுக்கப்பட்ட சாதிப் பெயருள்ளவர் அதே எண்ணிக்கையில் அழைப்பு பெற 20% கூடுதல் விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருப்பதைக் காட்டியது. பெயருக்கே இப்படியென்றால், பெயரோடு முகத்தையும் ஊரையும் நண்பர் பட்டியலையும் சேர்த்துக் காட்டச் சொல்லும் தளத்தில் என்ன நடக்கும் என்று கேட்காமல் இருக்க முடியாது.

விண்ணப்பம் கேட்ட கேள்விகள்

பெண்ணின் விண்ணப்பம் எப்போதும் வேலையை மட்டும் பற்றியதாக இருந்ததில்லை. இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா. திருமணம் செய்துகொள்ளப் பெண் அதிகாரி அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியையும், பதவி உயர்வில் தனக்கு நேர்ந்த பாகுபாட்டையும் எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதி கிருஷ்ணய்யர் 1979-ல் அந்த விதிகளைக் கடுமையாக விமர்சித்துத் தீர்ப்பெழுதினார். 1989-ல் எல்.ஐ.சி.யில் சேர்ந்த நீரா மாத்தூர் மகப்பேறு விடுப்பில் போனபோது வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பணியில் சேரும்போது நிரப்பிய படிவத்தில் மாதவிலக்கு விவரத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்பது காரணம். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, எத்தனை முறை கருவுற்றீர்கள் என்றெல்லாம் கேட்ட படிவம் அது. அந்தக் கேள்விகளை நீக்கச் சொல்லி 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு நிறுவனத்தின் படிவத்திலேயே பெண்ணின் கருப்பைக்கு ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் 1989-ல் அரசு வேலைகளில் பெண்களுக்கு 30% இடஒதுக்கீடு வந்தது. தட்டச்சு நிலையங்களில் அதிகாலையிலேயே பெண்கள் கூட்டம் சேர்ந்தது. என் அக்கா அந்த நம்பிக்கையில்தான் ஹையர் முடித்தாள். ஆலைகளிலோ, மாலைக்குப் பிறகு பெண்ணுக்கு வேலை கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டத்தின் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ம் ஆண்டு இறுதியில் ரத்து செய்தது. பாதுகாப்பு நிபந்தனைகளோடு இரவு வேலையும் திறந்தது. சட்டத்தின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தாலும் வீட்டில் ஒரு காகிதம் மாறவில்லை. பயோடேட்டா என்று எங்கள் ஊரில் சொன்னால் "எந்த பயோடேட்டா?" என்று கேட்பார்கள். வேலைக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று. அக்காவுக்காக ஸ்டுடியோவில் எடுத்த ஒரே படம் இரண்டிலும் ஒட்டப்பட்டது. தரகர் கொண்டுபோன படத்துக்குத்தான் முதலில் பதில் வந்தது.

முகம்

இந்தியாவில் நௌக்ரி தளம் 1997-லும், அமெரிக்காவில் லிங்க்ட்இன் 2003-லும் வந்தன. 2013-ல் வந்த கேன்வா போன்ற செயலிகள், வடிவமைக்கத் தெரியாதவரும் வண்ணமும் படமும் விளக்கப்படமுமாகத் தன்விவரம் செய்ய வழி கொடுத்தன. இரண்டு பக்கக் காகிதத்துக்குப் பதில் செய்த வேலையின் படங்கள், ஒரு நிமிடக் காணொளி, பிறர் எழுதிய பரிந்துரை எல்லாம் ஒரே சுட்டியில் வந்தன. காட்சிவழித் தன்விவரம் என்பது இதுதான். தாளில் "நன்றாக வரைவேன்" என்று எழுதிய பெண், இதில் வரைந்ததையே காட்டலாம்.

பட்டம் இல்லாத பெண்கள் இதை எங்களுக்கு முன்பே செய்துவிட்டார்கள். தளவாய்புரத்திலிருந்து நைட்டி எடுத்து விற்கிற பெண்ணின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஆரி வேலை செய்கிறவரின் இன்ஸ்டாகிராம் பக்கம், மருதாணி போடுகிறவரின் முப்பது நொடிக் காணொளி இவையெல்லாம் காட்சிவழித் தன்விவரங்கள்தாம். அவற்றைப் பார்த்துத்தான் அவர்களுக்கு வேலை வருகிறது. அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. ரவிக்கை இருக்கிறது, ஊசி இருக்கிறது, கை இருக்கிறது, முகம் இல்லை. வேலையைக் காட்டி முகத்தை மறைக்கும் கலையை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்கள் கற்றிருக்கிறார்கள். நான் என் மாணவியைக் கிண்டல் செய்தபோது இது எனக்குத் தெரியவில்லை.

மறைக்கக் காரணம் இருக்கிறது. 2016-ல் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண் தன் முகத்தை வைத்து மாற்றப்பட்ட படங்கள் முகநூலில் வந்ததால் உயிரை விட்டார். 2021-லும் 2022 தொடக்கத்திலும், பொதுவெளியில் பேசிய முஸ்லிம் பெண்களின் படங்களைத் திரட்டி 'ஏலம்' போடும் செயலிகள் வந்தன. அவர்களில் பத்திரிகையாளர்கள் இருந்தார்கள். தொழிலுக்காக முகம் காட்டியதே அவர்களுக்கு எதிராகத் திருப்பப்பட்டது. வேலை தருவதாக வரும் மோசடிச் செய்திகளும் இதே தளங்களில்தான் வலை விரிக்கின்றன. முகம் காட்டிய பெண்ணுக்கு ஒன்று நேர்ந்தால், மோசடி செய்தவரை விட்டுவிட்டு "ஏன் காட்டினாய்?" என்றே முதலில் கேட்கிறோம்.

மறுபக்கத்தில் இருக்கும் இயந்திரமும் நடுநிலையானதல்ல. தன்விவரங்களைத் தரம்பிரிக்க அமேசான் உருவாக்கிய ஒரு மென்பொருள், பெண்கள் என்ற சொல் வரும் தன்விவரங்களைக் கீழே தள்ளியதும் அதைக் கைவிட நேர்ந்ததும் 2018-ல் வெளிவந்தன. அந்த நிறுவனத்துக்கு முன்பு வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை; இயந்திரம் அதைத் தகுதி என்று கற்றுக்கொண்டது. முகநூலில் சில வேலை விளம்பரங்கள் ஆண்களுக்கு மட்டும் காட்டப்பட்டதாக வழக்குகள் எழுந்து, 2019-ல் அந்நிறுவனம் தன் விதிகளை மாற்ற ஒப்புக்கொண்டது. காணொளி நேர்காணலில் முகபாவத்தை அளந்து மதிப்பிடும் முறையை, எதிர்ப்புக்குப் பிறகு ஹயர்வியூ நிறுவனம் நிறுத்தியதாக 2021-ல் அறிவித்தது. நூலகத்தில் விரித்துக் கிடந்த நாளிதழை நூலகம் வரை போக முடிந்தவர்கள் எல்லோரும் பார்க்க முடிந்தது. இன்று ஒரு விளம்பரம் தனக்குக் காட்டப்படவே இல்லை என்பதைக்கூட ஒரு பெண் அறிய முடியாது.

இவ்வளவுக்கும் முன்னால் கருவி வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தானே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கும் பெண்கள் 53.9%. ஒருமுறையாவது இணையம் பயன்படுத்திய பெண்கள் 33.3%, ஆண்கள் 57.1%. கைபேசி இருந்தாலும் கடவுச்சொல் தெரிந்த அண்ணன் இருக்கிறான், ஸ்டேட்டஸைப் பார்க்கும் மாமியார் இருக்கிறார். நான் மின்னஞ்சலைப் பார்த்து மகிழ்ந்தேனே, அந்த முகவரியைத் திறக்கும் சாவியும் டிரங்குப் பெட்டிக்குத் திரும்பிப் போகக்கூடும்.

ஆனாலும் நன்மை எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். பிள்ளை பெற்று, மாமனாரைப் பார்த்து, ஆறு ஆண்டு கழித்து வேலை தேடும் பெண்ணின் தன்விவரத்தில் அந்த ஆறு ஆண்டும் ஓட்டையாகத் தெரியும். 2022 மார்ச்சில் லிங்க்ட்இன் அந்த இடைவெளிக்குப் பெயரிட்டு எழுத இடம் கொடுத்தது. பிள்ளை வளர்த்தேன், நோயாளியைப் பார்த்தேன் என்று எழுதலாம். ஒரு கட்டம்தான். ஆனால் கருப்பையைப் பற்றிக் கேட்ட படிவத்திலிருந்து, வீட்டில் செய்த உழைப்பைச் சொல்ல இடமுள்ள படிவத்துக்கு வர முப்பது ஆண்டு பிடித்திருக்கிறது. அது சும்மா வந்த கட்டமல்ல.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி, கிணற்று நீரில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் கதை. அவள் பெயரில் ஊர் தேர் இழுக்கிறது. தன்னைத் தானே பார்த்துச் சரி என்று முடிவுசெய்த அந்தப் பெண்ணைக் கொண்டாடும் ஊர், ஒரு வட்டத்தில் தன் படத்தைப் போட்ட பெண்ணின் கைபேசியைப் பிடுங்குகிறது. சாமியாகிவிட்ட பெண்ணுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை.

அந்த மாணவி தேர்வு முடிந்து நாலைந்து மாதம் கழித்து அம்மாவின் எண்ணிலிருந்து என்னை அழைத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அதை விடுங்கம்மா. எனக்கு வேலை வேணும். உங்களுக்குத் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். பட்டிமன்றத்துக்கும் கவிதைக்கும் மேடை ஏற்றிய எனக்கு, என் மாணவிகளுக்காக யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றியதில்லை. சிபாரிசு தப்பு என்று வளர்க்கப்பட்ட தலைமுறை நான். ஆண்கள் அதைச் சிபாரிசு என்று சொல்லாமலே செய்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

பதிப்பகத்தில் இருக்கும் தோழியிடம் சொன்னேன். மெய்ப்புத் திருத்தும் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே செய்கிறாள். பணம் குறைவுதான். அவளுக்கென்று கைபேசி இரண்டாவது புத்தகத்துக்குப் பிறகு வந்தது. பழைய கணக்கைத் திறந்து படத்தை மாற்றிவிட்டாள். இப்போது மறுபடியும் கிளி. அதற்குக் கீழே அவள் திருத்திய பக்கங்களின் படங்கள் இருக்கின்றன: சிவப்பு மையில் ஒற்று சேர்த்த இடங்கள், சந்தி பிரித்த இடங்கள். அதற்கும் கீழே என் பெயரோடும் என் முகத்தோடும் நான் எழுதிக்கொடுத்த பரிந்துரை இருக்கிறது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு இடத்திலிருந்து வேலை வந்திருக்கிறது.

இப்போது அந்த வகுப்பை நான் எடுத்தால் முகம் போடு என்றும் சொல்ல மாட்டேன், போடாதே என்றும் சொல்ல மாட்டேன். உன் வேலையைக் காட்டு என்பேன். முகத்தைக் காட்டுவது எப்போது என்பதை நீ முடிவுசெய் என்பேன். அடுத்ததாக, வகுப்பில் இருக்கிற முப்பது பேரும் ஒருவரையொருவர் தொடர்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். முன்பே படித்து வேலைக்குப் போன பெண்களின் பட்டியலைக் கொடுப்பேன். தனியாக ஒரு பெண்ணைப் பொதுவெளியில் நிறுத்திவிட்டுத் தைரியம் சொல்வது எளிது. அவளுக்கு முன்னும் பின்னும் நாலு பெண்கள் நிற்பதற்கு ஏற்பாடு செய்வதுதான் நம் வேலை.

புறநானூற்றில் அதியமானிடம் போகச் சொல்லி ஒரு விறலிக்கு வழிகாட்டும் பாட்டு ஒன்று இருக்கிறது. பாடியவர் ஔவையார். பரிசு பெற்ற ஒரு பெண், பரிசு தேடும் இன்னொரு பெண்ணை நிறுத்தி, போகும் இடத்தைச் சொல்கிறாள். வகுப்பில் பல ஆண்டுகளாக அதைப் புறத்திணைத் துறை என்று மட்டும் நடத்திக்கொண்டிருந்தேன்.